உள்ளூர் ஒன்று, வெளியூர் ஒன்று

“கார்டுக்காரர் நேர்ல வந்தாதான் தருவேன்” என்றாள் கவுண்டர் பெண். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவர் லாக்கப்ல இருக்காரும்மா” என்றேன்.

“அப்ப வெளியில வந்ததும் வரச் சொல்லுங்க.”

“நீங்க குடுக்கிற காகிதத்தைக் காட்டினாதான் அவர் வெளியிலயே வருவாரு.”

“அது என் பிரச்சினை இல்ல. அடுத்த ஆள் வாங்க!”

அடுத்த ஆள் என்று அங்கே ஒருவரும் இல்லை. மதியம் ஒரு மணி வெயிலில், வனப்பூங்கா நுழைவு அட்டைக்குப் பணம் ஏற்றும் அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம். நான், செக்கர், எங்களைக் கூட்டி வந்த நர்ஸ்.

செக்கர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நான் கண்டக்டர். ஒரு டிக்கெட், ஒரே ஒரு டிக்கெட் குறைந்ததற்காக என் வேலைக்கு உலை வைத்த புண்ணியவான் இவர்தான். ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் திறந்து, தேடி வந்து என்னையே உதவியாளாகக் கூப்பிட்டார். “நீ எப்படியெல்லாம் ஏமாத்துவேன்னு எனக்கு அத்துப்படி. புது ஆளைப் படிக்க எனக்கு நேரமில்ல” என்றார். வயிற்றுப் பாட்டுக்காக ஒப்புக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வழக்கு இதுதான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்குள் மான்கொம்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களைத் தடுக்கப் போன வனக்காவலர் ஒருவரைச் சுட்டுவிட்டார்கள். அவர் இன்னும் கண் விழிக்கவில்லை. பூங்கா வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை. முன்பே பணம் ஏற்றிய அட்டையை மெஷினில் தொட்டால்தான் குறுக்குக்கட்டையைத் தூக்குவார்கள். அன்று ஏழு மணிக்கு முன்னால் உள்ளே போனது ஒரே வண்டி. ஆறு பன்னிரண்டுக்கு. நர்ஸின் கணவர் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப், அவருடைய அட்டை. ஓட்டியதும் அவரேதான், கண்ணால் பார்த்தேன் என்று கேட் கிளார்க் எழுதிக் கொடுத்துவிட்டார். ‘எனக்குக் காய்ச்சல், பத்து மணி வரைக்கும் வீட்டில் தூங்கினேன்’ என்று ஜீப்காரர் சொன்னதை இன்ஸ்பெக்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாட்சி சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை. நர்ஸ் இரவு டியூட்டியில் இருந்தாள்.

இன்று நாலு மணிக்குக் கோர்ட். அங்கிருந்து நேராக ஜெயில். வனக்காவலரின் மூச்சு நின்றால் அது கொலை வழக்கு.

“இந்தக் காகிதத்துல என்ன இருக்கும்?” என்று நர்ஸ் செக்கரிடம் கேட்டாள். கேட்டாள் என்பதைவிட எரிந்து விழுந்தாள் என்பதே சரி.

“தெரியாது.”

“தெரியாமலா என்னை இங்க இழுத்துட்டு வந்தீங்க?”

“தெரிஞ்சா ஏம்மா வரணும்?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோதே, “உங்களை நம்பி ஒண்ணும் வரல. வக்கீல் ஆளே சிக்கல, அதான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

செக்கர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பெண்ணின் தலைக்கு மேலே ஒரு அறிவிப்புப் பலகை. அதன் மீது ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

“அந்தக் காலண்டரைக் கொஞ்சம் தூக்கும்மா.”

“எதுக்கு?”

“கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும். நீ தூக்குறியா, உன் மேலதிகாரிக்கு போன் பண்ணி அவரைத் தூக்கச் சொல்லட்டுமா?”

அவள் தூக்கினாள். ‘அட்டை எண்ணும் ரகசிய எண்ணும் சொல்பவருக்கு, அட்டை விவரம் உடனே வழங்கப்படும்.’

“ரகசிய எண் தெரியுமாம்மா?” என்று செக்கர் கேட்டார்.

“தெரியும். எங்க கல்யாண வருஷம். அந்த மனுஷனுக்கு அது ஞாபகம் இருக்கட்டும்னு நான்தான் வச்சேன்” என்றாள் நர்ஸ். அப்போதும் குரலில் கோபம்தான். கண்தான் கலங்கியது.

மெஷின் கரகரவென்று ஒரு முழ நீளத்துக்குக் காகிதத்தைத் துப்பியது. செக்கர் அதை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் டிக்கெட் கட்டையை அப்படித்தான் பார்த்தார். அன்று இரவே எனக்கு வேலை போயிற்று.

“என்ன சார்?” என்றேன்.

“மடிச்சு வை. கேட்டுக்குப் போகணும்.”

வெளியே காரில் நர்ஸின் தம்பி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். டயர் கடைக்காரன். மாமாவுக்காக ரெண்டு நாளாகக் கடையைப் பூட்டிவிட்டு அலைகிறேன் என்று காலையிலிருந்து ஆறு தடவை சொல்லியிருந்தான். என்னை ஒரு தடவைகூட ‘ங்க’ போட்டுக் கூப்பிடவில்லை.

“கிடைச்சுதா? அதுல மட்டும் என்ன புதுசா இருக்கப்போகுது?” என்றான்.

“பூங்கா கேட்டுக்குப் போப்பா” என்றார் செக்கர்.

“மணி ஒண்ணரை ஆச்சு. இப்பப் போய் அங்க என்ன பண்ணப்போறீங்க? நேரா கோர்ட்டுக்குப் போலாம்க்கா. இவங்களை நம்பினா அங்கயும் கோட்டை விட்டுருவோம்.”

“அவர் சொல்ற இடத்துக்கு ஓட்டுடா” என்றாள் நர்ஸ். “ஆனா ஒண்ணு. நான் காரை விட்டு இறங்க மாட்டேன். அந்த கிளார்க் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். போன மாசம் என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போன மனுஷன், இன்னிக்கு என் புருஷனையே காட்டிக் குடுக்குறாரு.”

தம்பி கியரைப் போட்ட வேகத்தில் என் தலை கூரையில் இடித்தது. வேண்டுமென்றே செய்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பூங்கா வாசலுக்கு முக்கால் மணி நேரம். காரைப் புளியமரத்து நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டு நானும் செக்கரும் இறங்கி நடந்தோம். பாதி வழியில் அவர் கையை நீட்ட, நான் காகிதத்தைக் கொடுத்தேன்.

“கண்டக்டரா இருந்தவன்தானே? படி. இது போன வாரம்.”

படித்தேன். ‘வண்டி 1. வெளியூர் 4. உள்ளூர் 0. ஓட்டுநர் 1.’ அதற்கு முந்தைய வரியும் அப்படியே, பயணிகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. அதற்கு முன்னாலும் அப்படியே. ஓட்டுநருக்கு நேரே எப்போதும் ஒன்று, அதற்குக் கட்டணம் இல்லை.

“பூங்காவுல உரிமம் வாங்கின டிரைவருக்கு ஒரு பித்தளை வில்லை குடுப்பாங்க. சட்டையில குத்தியிருந்தா அவருக்குக் காசு கிடையாது” என்றார். “இப்ப செவ்வாய்க்கிழமையைப் படி.”

‘வண்டி 1. வெளியூர் 1. உள்ளூர் 1. ஓட்டுநர் 0.’

“ஓட்டுநர் சைபரா? அப்ப ஜீப் தானாவே நடந்து போச்சா சார்?”

“ரெண்டு பேர் போயிருக்காங்க. ஒருத்தன் வெளியூர். இன்னொருத்தன் உள்ளூர், பாதிக் கட்டணம். ஓட்டினது அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன். வில்லை இல்லாதவன்.”

“ஜீப்காரருக்கு வில்லை உண்டு.”

“ஒன்பது வருஷமா உண்டு. கிளார்க் வாயால ஜீப்காரரைப் பார்த்தேன்னு சொல்லியிருக்கான். விரலால வேற ஆளைப் பதிஞ்சிருக்கான். இன்ஸ்பெக்டர் பேரையும் நேரத்தையும் பார்த்துட்டு விட்டுட்டான்.”

அசந்துபோனேன். அதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

கேட் அலுவலகம் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு மெஷின், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே கேமரா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி தொங்கியது. மூன்று மாதத்துக்கு முன்னால் குரங்கு பிடுங்கிப் போட்டதாம். மேஜைக்குப் பின்னால் கிளார்க். ஊரில் அவருக்குச் ‘சில்லறை’ என்று பெயர். ரொக்கம் வாங்கிய காலத்தில் சரியான சில்லறை தராதவர்களை, அமைச்சரே ஆனாலும், திருப்பி அனுப்பியவர். அட்டை வந்த பிறகு சில்லறைக் காசுக்கு வேலை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

“போலீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு. வெளிய போங்க” என்றார்.

செக்கர் காகிதத்தை மேஜையில் விரித்து, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

சில்லறை பார்த்தார்.

“கை தவறு” என்றார். “டிரைவர் பட்டனுக்குப் பதிலா உள்ளூர் பட்டனை அமுக்கிட்டேன். காலைக் குளிரு. மனுஷன்தானே?”

நான் செக்கரைப் பார்த்தேன். அவ்வளவுதானா? முக்கால் மணி நேரப் பயணம் ஒரு வார்த்தையில் மண்ணாகப் போய்விட்டதா?

“சரி, கை தவறு” என்றார் செக்கர் சாவகாசமாக. “டிரைவர் பட்டனை அமுக்கினா மெஷின் வேற எதுவும் கேக்காது. உள்ளூர் பட்டனை அமுக்கினா அடையாள அட்டையோட கடைசி நாலு எண்ணைக் கேக்கும். போட்டாதான் அடுத்த படிக்குப் போகும். இங்க உள்ளூருக்கு நேரா என்ன போட்டிருக்கீங்க? நாலு சைபர். அதுவும் நாலு தடவை கை தவறா?”

குறுக்குக்கட்டையை ஏற்றி இறக்குகிற ஆள் அதுவரை வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே வந்துவிட்டார்.

“நாலு சைபரா? இவரா போட்டாரு?”

“நீ உன் வேலையைப் பாருய்யா!” என்று சீறினார் சில்லறை.

“நாலு சைபர்னா என்னங்க?” என்று நான் கட்டைக்காரரிடம் கேட்டேன்.

“தெரிஞ்ச முகம்னு அர்த்தம். அடையாள அட்டை கேக்காம விடுறது. மத்த கேட்ல எல்லாரும் போடுவாங்க. இவரு போட மாட்டாரு. என் சம்சாரம் எனக்கு டிபன் பாக்ஸ் கொண்டு வந்தப்ப, அவகிட்டயே அட்டை எங்கம்மான்னு கேட்டு வெயில்ல நிக்க வச்சவரு. தினமும் என்கூட உட்கார்ந்து வேலை பாக்குறவரு சார்! அதுல இருந்து நான் இவருகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதே இல்ல.”

“செவ்வாய்க்கிழமை நீங்க இங்க இல்லையா?”

“என் வார லீவு. அன்னிக்கு இவரேதான் கட்டையும் தூக்கினாரு.”

செக்கர் கட்டைக்காரர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “யோசிச்சுச் சொல்லுங்க. கூட வேலை பாக்குறவரோட சம்சாரத்துக்கிட்டயே அட்டை கேக்குற மனுஷன். இந்த ஊர்ல இவரு யார்கிட்ட அட்டை கேக்க மாட்டாரு?”

“யாருகிட்டயும் கேப்பாரு. கூடப் பிறந்த தம்பிகிட்டயே கேட்டாரு. நான் பார்த்தேன்.” கட்டைக்காரர் மோவாயைச் சொறிந்தார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். “ஒருத்தர்கிட்ட மட்டும் கேக்க முடியாது சார். போன மாசம் இவரு பொண்ணுக்கு நிச்சயமாச்சு. வரப்போற மாப்பிள்ளைகிட்ட யாராவது அடையாள அட்டை காட்டுன்னு கேப்பாங்களா? மரியாதையா இருக்குமா?”

“வாயை மூடு” என்றார் சில்லறை. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

“யார் அந்த மாப்பிள்ளை?” என்றேன்.

கட்டைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “என்ன சார், விளையாடுறீங்களா? உங்க காரை ஓட்டிட்டு வந்தவரே அவருதானே.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புளியமரத்தடியில் டயர் கடைக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் அவன் அக்கா.

செக்கரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவரும் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் மூக்கு உடைபடுவதைப் பார்க்க நான் எத்தனையோ வருஷம் காத்திருந்தேன். ஆனால் அன்று அதை ரசிக்க மனம் வரவில்லை.

“மாப்பிள்ளைகிட்ட எப்படி சார் அட்டை கேக்குறது?” சில்லறை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “சும்மா ஒரு ரவுண்டு, கூட இருக்கிறவரு சிநேகிதருன்னு சொன்னாரு. மத்தியானம் வந்து, மாமா, வண்டியும் அக்கா புருஷனோடது, கார்டும் அவரோடது, நீங்க அவரைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. பத்திரிகை அடிச்சாச்சு சார். என் பொண்ணு...”

“அட்டை கேக்கல. கட்டணம் மட்டும் எப்படி எடுத்தீங்க?” என்றேன்.

“அது டியூட்டி.” அழுகைக்கு நடுவிலும் அவர் அதை நிமிர்ந்து சொன்னார்.

செக்கர் எழுந்தார். “கார் சாவி.”

அது எனக்கு இட்ட கட்டளை. நான் வெளியே வந்து, எதுவும் நடக்காதது போல விசிலடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். பழைய கார். டிக்கியைச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும்.

“தம்பி, டிக்கில சாரோட பை இருக்கு. சாவி குடுங்க.”

“ஏன், அதைத் தூக்க ஆள் இல்லையா?”

“நான்தான் அந்த ஆள். குடுங்க.”

எரிச்சலோடு சாவியை உருவி என் கையில் போட்டான். நான் டிக்கிப் பக்கம் போகாமல் அங்கேயே நின்றேன். அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கதவைத் திறக்கப் பார்த்தான். அதற்குள் கட்டைக்காரர் கூப்பிட்ட இரண்டு வனக்காவலர்கள் அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். சுடப்பட்டவரோடு ஒரே அறையில் தங்குகிறவர்கள் அவர்கள். அவன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

செக்கர் நர்ஸின் பக்கம் வந்து ஜன்னல் வழியாகக் காகிதத்தை நீட்டினார். வரி வரியாக விரல் வைத்துச் சொன்னார். வில்லை, உள்ளூர், நாலு சைபர். மாப்பிள்ளை என்ற வார்த்தையில் நிறுத்திக்கொண்டார்.

“அவர் தூங்கிட்டு இருந்தப்ப வீட்டுல இருந்த ஜீப் சாவியையும் கார்டையும் எடுத்திருக்காங்கம்மா. செவ்வாய்க்கிழமை விடியக்காலையில உங்க வீட்டுக்குள்ள யாரு போனாங்க?”

அவள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“நான்தான் போகச் சொன்னேன்” என்றாள். “மாமாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது, எனக்கு டியூட்டியை விட்டு வர முடியல, ஒரு மாத்திரை வாங்கிட்டுப் போய்க் குடுடான்னு போன் பண்ணேன். வீட்டோட இன்னொரு சாவி அவன்கிட்டதான் இருக்கு. நேத்துக் கேட்டேன். தூங்கிட்டேன்க்கா, போகவே இல்லன்னான்.” மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். “என்ன மாத்திரைடா குடுத்த? அந்த மனுஷன் காய்ச்சல் வந்தா ராத்திரி முழுக்கப் புலம்புவாரு. பத்து மணி வரைக்கும் எப்படிடா தூங்கினாரு?”

“அக்கா, இவங்க காசுக்காகக் கதை கட்டுறாங்க...”

“என்ன மாத்திரை?”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு பேசியது நான் காலையிலிருந்து கேட்ட குரல் இல்லை. “நான் சுடலக்கா. கூட வந்தவன்தான் சுட்டான். சத்தியமா. மாமா ஊர்ல எல்லாருக்கும் பழக்கமானவரு, நல்ல பேரு இருக்கு, ரெண்டு வருஷத்துல வெளிய வந்துருவாரு. எனக்கு இப்பதானேக்கா வாழ்க்கையே ஆரம்பிக்குது. பத்திரிகை அடிச்சாச்சு. உனக்கு நான் ஒரே தம்பிக்கா.”

நர்ஸ் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. கை அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, மடியில் வந்து விழுந்தது. நக்கலாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

“மணி என்ன?” என்று என்னிடம் கேட்டாள்.

“மூணாகப் போகுதும்மா.”

“கோர்ட்டுக்கு எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரத்துல போயிரலாம்.”

“கிளார்க் கோர்ட்டுல பேச்சை மாத்திட்டா?”

“மாத்தலாம்” என்றார் செக்கர். பொய்யான ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. “கை தவறுன்னு மறுபடியும் சொல்லலாம். வீட்டுச் சாவி உங்க தம்பிகிட்ட இருந்துச்சு, நீங்கதான் போகச் சொன்னீங்கன்னு நீங்க சொன்னா அது நிக்கும். சொல்லுவீங்களாம்மா?”

அவள் காரை விட்டு இறங்கினாள். கிளார்க் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றவள் நேராக அந்த அறைக்குள் போய், சில்லறைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. செக்கர் வெள்ளைத்தாள் எடுத்து வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார். நேரம், சாவி, போன், மாத்திரை. கேட்டதற்கெல்லாம் நோயாளியின் குறிப்பைப் படிப்பது போலத் தடுமாறாமல் சொன்னாள்.

ஓர் இடத்தில் செக்கரின் பேனா நின்றது. அவரைத் தெரிந்த நாளிலிருந்து அவர் பேனா எழுதும்போது நின்று நான் பார்த்ததில்லை.

“உறவுமுறைன்னு ஒரு இடம் இருக்கும்மா. வேணும்னா ‘தெரிந்தவர்’னு போட்டுக்கலாம். சட்டப்படி தப்பில்ல.”

“வேண்டாம்” என்றாள் நர்ஸ். “கூடப் பிறந்த தம்பின்னே எழுதுங்க. அப்பதான் நான் சொல்றதை நம்புவாங்க.”